நெல்லையில் முதல் நாள்

திருநெல்வேலிக்கு முதன்முறை போகிறவர்கள் ஜங்ஷனில் இறங்கியதும் கோயிலைத் தேட வேண்டாம். நெல்லையப்பர் இருப்பது டவுனில். பஸ் ஏறித்தான் போக வேண்டும். அதற்கு முன், விடியற்காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் தாமிரபரணியில் ஒரு முழுக்குப் போடுங்கள். அங்கே முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள். வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடரும்.

நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையில் மரச்சிற்பங்களை அருகே நின்று பாருங்கள், அவசரப்படாதீர்கள். மணிமண்டபத்தில் ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சிறு தூண்களுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம். ஆனாலும் தட்டிப் பார்க்காதீர்கள். அந்தக் கல் இன்னும் பல தலைமுறைக்கு வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. சாயங்காலம் சந்நிதி எதிரே இருட்டுக்கடையில் சூடான அல்வாவுக்கு வரிசை நிற்கும்.

ஒரு வேண்டுகோள்: குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். கீழே தூத்துக்குடி மாவட்டம் வரை குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.