காரில் பேஸ் கரகரக்கிறதா? புது சப்-வூஃபர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்!

நேற்று வரை சீட்டையே அதிர வைத்த பேஸ், இன்று தொண்டை கட்டியதுபோல் கரகரக்கிறதா? உடனே புது சப்-வூஃபர் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். பழையது ஏன் போனது என்று தெரியாமல் புதிதை மாட்டினால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

டிக்கியைத் திறந்ததும் கருகல் வாடை வந்தால், வாய்ஸ் காயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஸ்பீக்கரின் கோனுக்கு அடியில், காந்தத்தின் இடுக்கில் முன்னும் பின்னும் ஓடும் கம்பிச் சுருள் அது. சிஸ்டத்தை அணைத்துவிட்டு, கோனின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல, சமமாக அழுத்திப் பாருங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். 'சரக் சரக்' என்று உரசினால் காயில் உருக்குலைந்திருக்கிறது. (ஒரே பக்கமாக அழுத்தினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும், பயந்துவிட வேண்டாம்!)

சந்தேகம் தீரவில்லையா? சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் வயர்களைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஓம் அளவு பாருங்கள். 4 ஓம் காயில் என்றால் பெரும்பாலும் 3 முதல் 4-க்குள் காட்டும். கொஞ்சம் குறைவாகக் காட்டுவது இயல்புதான். மீட்டரில் எதுவுமே வராவிட்டால் காயிலோ அதற்குப் போகும் பின்னல் கம்பியோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஷார்ட். அதை மறுபடி இணைத்தால் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து போகும். இரட்டைக் காயில் மாடலில் ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். உரசலும் இல்லை, அளவும் சரி என்றால், கோளாறு ஃப்யூஸிலோ வயரிலோ ஆம்ப்ளிஃபையரிலோ இருக்க வாய்ப்பு அதிகம். புது ஸ்பீக்கர் செலவு மிச்சம்.

சரி, காயில் ஏன் கருகுகிறது? 'வாட்ஸ் அதிகமாகிவிட்டது' என்பார்கள். அது பாதி உண்மைதான். சின்ன ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் முறுக்கினால், ஒலி அலையின் முனைகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதற்குப் பெயர் 'கிளிப்பிங்'. அப்போது சராசரியாகக் காயிலுக்குள் போகும் மின்சாரம் கூடி, சூடு ஏறுகிறது. பேஸ் பூஸ்ட்டை முழுதாகத் திருப்பி வைப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

'கெயின்' திருகும் வால்யூம் அல்ல. பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றுங்கள். பிறகு கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சத்தம் கெட ஆரம்பித்ததும் சற்றுக் குறைத்து நிறுத்துங்கள். லோ-பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கட்டும். துளை உள்ள பெட்டி என்றால் சப்சானிக் ஃபில்டரும் அவசியம். பெட்டியின் ட்யூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழான ஒலியில் கோனைத் தாங்கிப் பிடிக்க உள்ளே காற்றழுத்தம் இருக்காது. எல்லை மீறி அடித்துக்கொள்ளும்.

கோனின் ஓர ரப்பரில் சின்னக் கிழிசல் என்றால் ஒட்டிவிடலாம். காயில் போயிருந்தால் மெக்கானிக் கேட்கும் கூலியையும் புதியதன் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

கார் பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வரும் வயரில், பேட்டரிக்கு அருகே 45 செ.மீ.க்குள் ஃப்யூஸ் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்த வயர் உரசிக் காரின் பாடியில் பட்டால், தீப்பிடிக்கப்போவது கார்.