“எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?”

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காலை எட்டு மணி. இரத்த அழுத்தத்துக்கும் இனிப்பு நீருக்கும் மருந்து வாங்க எண் எடுத்துக் காத்திருப்பவர்களுக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு சிறிய வரிசை. தொழிற்சாலைச் சீருடையில் ஒருவர், பாதுகாவலர் சட்டையில் ஒருவர், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி மற்றொருவர். ஒவ்வொருவராக முகப்புக்கு வருகிறார்கள். மருந்தாளர் சிறு குவளையில் ஊற்றித் தரும் மருந்தை அவர் கண் முன்னாலேயே குடிக்கிறார்கள். மேலே கொஞ்சம் தண்ணீர். விழுங்கியாயிற்று என்று தெரிய இரண்டு வார்த்தை பேச வேண்டும். பிறகு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த மருந்து மெத்தடோன். ஹெரோயின் பழக்கத்துக்கு அடிமையானவர்களுக்கு நம் நாட்டில் 2005 அக்டோபரிலிருந்து கொடுக்கப்பட்டு வருகிறது. இப்படியொரு வரிசை இருப்பதே பினாங்கில் நம் குடும்பங்களில் பலருக்குத் தெரியாது. மகனோ கணவனோ போதையில் விழுந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: “எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?” சிகிச்சை என்றால் உள்ளே போட்டுப் பூட்டுவது என்றே பழகிவிட்டோம். அந்த எண்ணத்தாலேயே வருடங்கள் வீணாகின்றன. உள்ளே போனால் வேலை போகும், வாகனக் கடன் நிற்கும், தங்கைக்கு வரன் வராது என்று கணக்குப் போட்டு, நிலைமை முற்றும் வரை மூடி மறைக்கிறோம்.

இந்த எண்ணம் சும்மா வந்ததல்ல. 1983ஆம் ஆண்டின் போதைப்பித்தர்கள் சட்டத்தின் கீழ், பிடிபட்டவர் இரண்டு ஆண்டுகள் சிரெந்தி மையத்தில், அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் கண்காணிப்பில் என்பதே வழக்கமாக இருந்தது. ஆனால் தானாக முன்வந்து சிகிச்சை கேட்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. 2010 முதல் சில சிரெந்தி மையங்களைத் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமே திறந்த மையங்களாக மாற்றத் தொடங்கியது.

பூட்டி வைத்ததால் பலன் கிடைத்ததா? 2012க்கும் 2014க்கும் இடையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த ஓர் ஆய்வு இதைப் பார்த்தது. கட்டாய மையங்களிலிருந்து வெளிவந்த 89 பேரையும், தாங்களாக வந்து மெத்தடோன் சிகிச்சையில் சேர்ந்த 95 பேரையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் குழுவில் பாதிப்பேர் மீண்டும் ஹெரோயின் பக்கம் போக 31 நாள்தான் ஆனது. இரண்டாவது குழுவில் அதற்கு 352 நாள் ஆனது. 2017இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ மருத்துவ இதழில் இது வெளியானது. தானாக வருகிறவருக்கு ஏற்கெனவே கொஞ்சம் மனஉறுதி இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம்; அது நியாயமான வாதம்தான். இருந்தாலும் ஒரு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் உள்ள இடைவெளியை அது ஒன்றை வைத்தே விளக்கிவிட முடியாது.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். பல மாதம் உள்ளே இருந்தவரின் உடல் ஹெரோயினைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்த முதல் வாரத்தில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். “இரண்டு வருடம் நல்லா இருந்தான், வந்த மூன்றாம் நாள் போய்ட்டான்” என்று சாவு வீட்டில் பேசிக்கொள்வதன் பின்னால் இருக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஜார்ஜ்டவுனுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டே இந்த ஊரின் கஜானா நிரம்பியது. 2002இல் நாட்டில் புதிதாகப் பதிவான எச்.ஐ.வி தொற்றுகள் 6,978. அவற்றில் பெரும்பகுதி ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் வந்தது. 2006 தொடக்கத்தில் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் திட்டம் மூன்று நகரங்களில் சோதனையாகத் தொடங்கியபோது அவற்றில் ஒன்று பினாங்கு. அதை இங்கே நடத்தியது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை ஒட்டி இயங்கிய எய்ட்ஸ் செயல் ஆய்வுக் குழு. அப்போது எழுந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. ஆனால் ஊசியும் மெத்தடோனும் சேர்ந்து செய்த வேலையால், இன்று புதிய தொற்றுகளில் ஊசி வழி வருவது மிகச் சிறு பங்குதான்.

“இதுவும் ஒரு போதைதானே?”

மெத்தடோன் என்றதும் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதில் என்ன லாபம்?

ஹெரோயின் சில நிமிடங்களில் தலைக்கேறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும்போது வியர்வை, வயிற்றுப்போக்கு, எலும்பைப் பிழியும் வலி. அதைத் தணிக்க மறுபடியும் ஒரு பொட்டலம், அதற்குக் காசு, காசுக்காக அம்மாவின் சங்கிலி. மெத்தடோன் மெதுவாக ஏறி ஒரு நாளைக்கு மேல் உடலில் நிற்கும். சரியான அளவு கிடைத்தவருக்கு மயக்கமும் இல்லை, வலியும் இல்லை. மேலே ஹெரோயின் எடுத்தாலும் பழைய கிறக்கம் வராது. அவர் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இனிப்பு நீருக்கு இன்சுலின் போடுகிறவரை யாரும் ‘இன்சுலினுக்கு அடிமை’ என்று சொல்வதில்லை.

சிகிச்சை கெட்டுப்போவது பெரும்பாலும் அளவிலும் அவசரத்திலும்தான். 20, 30 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல உயர்த்தி, பலருக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை தேவைப்படும். “எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது” என்று நினைத்து அளவைக் கூட்ட மறுப்பவர்கள் பாதி வலியோடு திரிந்து பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள். இன்னொரு பக்கம், ஆறு மாதம் நன்றாக இருந்தால் போதும், “இன்னும் எத்தனை நாளைக்கு அதைக் குடிப்பே?” என்று வீட்டில் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். என் சொந்தத்திலேயே இதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் ரோஷத்தில் ஒரே நாளில் நிறுத்தினான். மாதம் முடியவில்லை, பழைய கூட்டாளிகளோடு நின்றான். நச்சரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு எச்சரிக்கை: மெத்தடோனோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும். நிலைபெற்றவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்க ஒரே குவளை போதும்.

தினமும் கிளினிக்குக்குப் போக முடியாதவர்களுக்கு புப்ரினோர்பின் என்ற, நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை உண்டு. இதைப் பற்றிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம் மூவாரிலேயே 126 பேரிடம் நடத்தப்பட்டு, 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. தனியார் கிளினிக்குகளில் சில மருத்துவர்கள் இதைக் கொடுக்கிறார்கள். ஆனால் செலவு நம் கையிலிருந்து. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியோடு முடிகிறது.

குடியை ஒரே நாளில் நிறுத்தினால்

நம் சமூகத்தில் ஹெரோயினைவிட அதிகமான வீடுகளைச் சாய்த்தது குடி. தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து மலிவு சம்சு வரை அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது, ஹெரோயினைத் திடீரென்று நிறுத்துவதைவிட உயிருக்கு ஆபத்து.

நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சல் ஏறும். “மாலை போட்டான், குடியை விட்டான், சாமி வந்துடுச்சு” என்றோ, பேய் பிடித்துவிட்டது என்றோ பூசாரியிடம் அழைத்துப் போகிறோம். போக வேண்டிய இடம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. தாமதித்தால் உயிர் போகும்.

இந்தக் கட்டத்தை எல்லோரும் மருத்துவமனையில் படுத்தே கடக்க வேண்டும் என்பதில்லை. முன்பு வலிப்பு வராதவர், வேறு பெரிய நோய் இல்லாதவர், வீட்டில் கூடவே இருக்கப் பொறுப்பான ஒருவர் உள்ளவர் என்றால், மருத்துவர் தரும் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வீட்டிலிருந்து கடந்துவிடலாம். அந்த ஐந்தாறு நாளும் மருத்துவர் அவரை அடிக்கடி பார்க்க வேண்டும். கூடவே பி1 உயிர்ச்சத்து. குடிகாரர்களின் மூளையைக் காப்பாற்றும் மலிவான மருந்து அதுதான். அதன் பிறகு ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற மாத்திரைகள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் இவற்றையும் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. கிடைக்குமா, யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லீரல் மோசமாக இருந்தால் தேர்வு மாறும்.

‘அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கும் தூள்’ விளம்பரங்களை நம் தமிழ்ப் பத்திரிகைகளில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தூளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைச் சிலர் குழம்பில் கலந்துவிடுகிறார்கள். அந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு இதயமே நின்றுபோகும். அவர் சம்மதத்தோடு, மருத்துவர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. மனைவி நல்ல எண்ணத்தில் கலந்ததுதான், ஆனாலும் அது விஷமாகிவிடும்.

சியாபுவுக்கு மெத்தடோன் போல ஒரு மாற்று மருந்து இல்லை. இளைஞர்களிடம் இப்போது அதிகம் பரவியிருப்பதும் அதுதான் என்பது வருத்தம். அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சைதான். 1980களில் லாஸ் ஏஞ்சல்ஸில் உருவான மேட்ரிக்ஸ் முறையில் நோயாளி வீட்டிலிருந்தபடி வாரத்துக்குப் பல அமர்வுகளாக நான்கு மாதம் போய் வருகிறார். குடும்பத்துக்கும் தனி வகுப்பு உண்டு. யாரோ துரத்துகிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டால் மட்டும் அமர்வுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே மனநலப் பிரிவு.

போய் வரும் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. தற்கொலை எண்ணம் உள்ளவர், கர்ப்பிணி, தங்க இடமே இல்லாதவர், வீட்டிலேயே இன்னொருவரும் எடுக்கிறார் என்ற நிலையில் உள்ளவர், இவர்களுக்கு முதலில் தங்கும் இடம் தேவைப்படலாம். மற்றவர்களுக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் மணிக்கணக்குதான். பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர், அலுவலக நேரத்தில் மட்டும் திறக்கும் மருந்தகத்துக்குத் தினமும் எப்படிப் போவார்? மாத்திரையைவிட இந்தக் கேள்விக்குத்தான் சுகாதார அமைச்சு பதில் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

கோலாலம்பூரில் 2010இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் மஸ்ஜிட் அர்-ரஹ்மான் வளாகத்திலேயே மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். தொழ வந்தவர்களோடு சிகிச்சைக்கு வந்தவர்களும் நின்றார்கள். நம் ஜார்ஜ்டவுனில் எத்தனை கோயில் மண்டபங்கள் வார நாளில் காலியாகக் கிடக்கின்றன! தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட ஆள் கிடைக்கும்போது, மாதம் ஒரு மாலை ஒரு மருத்துவரை உட்கார வைத்துக் குடும்பங்களோடு பேச வைக்க ஆள் கிடைக்காதா? கோயில் நிர்வாகத்தினர் யாராவது இதைப் படித்தால் சரி.

தொடங்க என்ன செய்வது? வீட்டுக்கு அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்குக்கு அடையாள அட்டையோடு போய், வெளிப்படையாகச் சொல்லி மருத்துவரைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் அவர் ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்குப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். சிறுநீர், இரத்தப் பரிசோதனைகள் இருக்கும். ஊசி போட்டவர்களில் பலருக்கு ஹெப்பட்டைட்டிஸ் சி இருப்பது இப்படித்தான் தெரியவருகிறது. அதற்கு அரசாங்க மருத்துவமனைகளில் 2018 முதல் இலவச மருந்து உண்டு. யாரிடம் பேசுவது என்றே தெரியாதவர்கள் சுகாதார அமைச்சின் 15555 ஹீல் எண்ணில் தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. மெத்தடோன் எடுப்பவர் தொடர்ந்து சில நாள் வராமல் விட்டால் பழைய அளவை அப்படியே கொடுக்க மாட்டார்கள். மருத்துவர் பார்த்து, குறைத்து, மறுபடி ஏற்றுவார். இது தண்டனை அல்ல. தாங்கும் சக்தி குறைந்திருக்கும் என்பதால். ஆனால் திட்டு விழும் என்று பயந்து நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் போகாமலே நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது படுத்திருந்தால் எழுப்பி, தேத்தண்ணி கொடுத்து, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். எட்டு மணிக்கு முகப்பு திறந்துவிடும்.