வன்தட்டும் ஓலைச்சுவடியும்

சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த வரலாற்றைத் தமிழ் கற்றோர் அறிவர். கைக்கு வந்த சுவடிகளின் நிலைகண்டு அவர் எய்திய துயரம் அவருடைய பதிப்புரைகளிற் பதிவாகியுள்ளது. செல்லரித்தும் ஏடு குறைந்தும் கிடந்த பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அவர் அச்சேற்றினார். ஒப்புநோக்குதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் எஞ்சியிருந்தமையாலன்றோ அப்பணி கைகூடிற்று!

ஓலை போய்க் காகிதம் வந்தது; காகிதத்தோடு இன்று கணினியும் வந்துவிட்டது. ஆசிரியர் ஆக்கிய வினாத்தாள், மாணவர் எழுதிய கட்டுரை, கவிஞர் திருத்தித் திருத்தி வைத்த கவிதை, திருமணப் படம், மறைந்த தாயின் குரல் ஆகிய யாவும் கணினிக்குள் இருக்கும் வன்தட்டு என்னும் சிறு பெட்டியில் அடங்கிக் கிடக்கின்றன. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டது. அதனைத் தாங்கிய பொறி ஏறத்தாழ ஒரு தொன் எடை. அதிற் பதியக்கூடிய எழுத்துகளோ ஐம்பது இலட்சமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு ஓர் இலட்சங் கோடி எழுத்துகளையும் அதற்கு மேலும் ஏற்கும். கொள்ளளவு பெருகியதற்கேற்ப, ஒரே நாளில் நாம் இழக்கக்கூடிய செல்வமும் பெருகிவிட்டது.

"வன்தட்டு எதுவும் இல்லை" என்று கணினி ஒருநாள் அறிவிக்குமாயின் யாது செய்வது? அதனினும் முக்கியமாக, யாது செய்யாதிருப்பது? எங்கள் ஊரில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இதனை விளக்க முயல்கிறேன்.

இரண்டும் ஒருங்கே மறைந்த காலை

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியிலுள்ளது பூவரசங்குளம். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'வாத்தியார்'. அருவி வெட்டிலும் சூடு மிதிப்பிலும் பாடிய முதியோரை இருத்திப் பாடச் செய்து ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். குருவிப் பள்ளு, பன்றிப் பள்ளு என வன்னியில் வழங்கியவற்றுள் தம் செவிக்கு எட்டியவற்றையெல்லாம் சேர்த்தார். இடப்பெயர்வில் வீட்டுப் படங்களை இழந்த அயலவர்களுக்காக, வெளிநாட்டு உறவினரிடம் இருந்த படங்களின் நகல்களையும் பெற்றுத் தொகுத்தார். இவையனைத்தும் அவருடைய மேசைக் கணினியில் இருந்தன. இயங்குதளம் ஒரு தட்டிலும் இத்தொகுப்பு மற்றொரு தட்டிலும் இருந்தன.

சென்ற ஐப்பசியில், இடிமின்னலோடு மழை கொட்டி மின்சாரம் பலமுறை நின்று வந்த இரவுக்கு மறுநாள், கணினி இரண்டு தட்டுகளையும் காணவில்லை என்றது. நகரிலுள்ள கடையொன்றில் இரண்டும் பழுதென்று கூறிப் புதியவை வாங்கும்படி சொன்னார்களாம். வாத்தியார் என்னை அழைத்துவரச் செய்தார். கணினிப் பாடம் கற்பிப்பவன் என்ற உரிமையில் நானும் சென்றேன்.

"தம்பி, உதுக்குள்ளதான் எல்லாம் கிடக்கு. போட்டுதெண்டால் எனக்குத் திரும்பச் சேர்க்க ஆக்களில்லை" என்றார்.

"ஒண்டும் அவசரப்பட வேண்டாம் ஐயா, முதல் பாப்பம்" என்றேன்.

அவருடைய சொல்லிற் பொருள் இருந்தது. பாடியவர்களுட் பலர் இன்று இல்லை.

நோய் எங்கே?

வீட்டில் ஒரு விளக்கு மட்டும் எரியாவிடின் குமிழைப் பார்க்கிறோம். எல்லா விளக்குகளும் ஒருங்கே அணைந்தால் உருகியைப் பார்க்கிறோம். கணினிக்கும் இதுவே முறை. ஒரு தட்டு மட்டும் மறைந்தால் அத்தட்டையோ, அதன் கேபிளையோ, அது பொருந்தும் துளையையோ ஐயுறலாம். எல்லாத் தட்டுகளும் ஒரே வேளையில் மறைந்தால், அவற்றுக்குப் பொதுவான ஒன்றை முதலில் ஆராய்தல் வேண்டும். பொதுவானவை மின்வழங்கி, தாய்ப்பலகை, அமைப்பு முறை ஆகிய மூன்றுமே. இடி இரு தட்டுகளையும் ஒருங்கே அழித்தலும் கூடும். ஆயினும் அம்முடிவு இறுதியில் வரவேண்டியது.

கணினியை இயக்கியவுடன் குறித்த விசையை அழுத்தினால் 'பயோஸ்' என்னும் அடிப்படைத் திரை தோன்றும். இணைந்துள்ள தட்டுகளின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கும். அங்கே பெயர் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியாதிருந்தால், குற்றம் பெரும்பாலும் இயங்குதளத்திலோ தட்டின் பகுப்புகளிலோ உள்ளது. அங்கேயே பெயர் இல்லையெனின் குற்றம் அதற்குக் கீழே, வயரிலும் மின்சாரத்திலும் பொறியிலும் தேடற்பாலது. வாத்தியாரின் கணினியில் இரு பெயர்களும் இல்லை.

பெட்டியைத் திறந்து, இயங்கும்போது ஒவ்வொரு தட்டின்மீதும் உள்ளங்கையை மெல்ல வைத்துப் பார்த்தேன். சுழலும் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுவது. கையிற் சிறு அதிர்வு தெரியும். இரண்டும் பிணம்போற் கிடந்தன. ஆனால் விசிறிகள் சுழன்றன, திரையும் ஒளிர்ந்தது. எனவே மின்வழங்கி முற்றாகப் பழுதடையவில்லை. தட்டுகளுக்குச் செல்லும் வழியிலேதான் தடை என்று எண்ணினேன்.

சுவரிலிருந்து மின்செருகியைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கியபின் வயர்களைத் தடவிச் சென்றேன். இரண்டாவது தட்டைச் சேர்த்த காலத்தில் யாரோ ஒரு கிளை வயரைப் பொருத்தியிருந்தனர். மின்வழங்கியின் ஒரே முனையிலிருந்து அது இரு தட்டுகளுக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டது. மஞ்சள் வயர் 12 வோல்ற்றும் சிவப்பு வயர் 5 வோல்ற்றும் கொண்டுவருவன. 5 வோல்ற்று மின்சுற்றை இயக்கும். 12 வோல்ற்றே தட்டைச் சுழற்றும். அக்கிளையின் தலைப்பகுதியில் மஞ்சள் வயர் நுழையுமிடத்துப் பிளாஸ்ரிக் பழுப்பேறி, உள்ளே உலோகம் கருகியிருந்தது. நெடுநாள் தளர்ந்திருந்த இணைப்புச் சூடேறிச் சூடேறி, அவ்விரவின் மின்தடுமாற்றத்தில் அற்றுப்போயிற்று.

மின்வழங்கியிற் பயன்படாதிருந்த வேறொரு முனையை எடுத்து முதலில் ஒரு தட்டை மட்டும் இணைத்தேன். தட்டுச் சுழன்றது, பயோஸ் திரையிற் பெயரும் வந்தது.

பிற காரணங்கள்

எல்லா வீட்டிலும் இதே காரணம் இராது. தாய்ப்பலகையில் நாணயம்போன்ற ஒரு பற்றரி உண்டு. அது 3 வோல்ற்று. அது தீர்ந்தால் கணினியின் கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டும். அமைப்பு முறைகளும் தொடக்க நிலைக்குத் திரும்பும். தட்டுகளை இயக்கும் முறை அவ்வாறு மாறிவிடின், தட்டு நலமாயிருந்தும் விண்டோஸ் எழாது. பற்றரியை மாற்றி முன்னைய முறையை மீட்டால் போதும்.

புதிய கணினிகளிற் சுவிங்கம் துண்டுபோன்ற எம்.2 தட்டைப் பொருத்தியதும் பழைய சாட்டாத் தட்டு மறைவதுண்டு. பல தாய்ப்பலகைகளில் இரண்டும் ஒரே பாதையைப் பங்கிடுவதே காரணம். பழைய தட்டை வேறு துளைக்கு மாற்றினால் அது திரும்ப வரும். இணைப்புகளிற் படியும் தூசும் ஈரமும், உள்ளே குடிபுகும் எறும்பும் பல்லியும் எங்கள் பக்கத்தில் அரிய காட்சிகளல்ல. கேபிளைக் கழற்றித் திரும்பப் பொருத்துதலும், நல்லதெனத் தெரிந்த வேறொரு கேபிளை இட்டுப் பார்த்தலும் செலவற்ற சோதனைகள்.

தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் தெளிவான சோதனை. அங்கும் தெரியாவிடின் நோய் தட்டிலேயே என்று துணியலாம்.

செய்யத்தகாதவை

தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று ஓசை கேட்குமானால் உடனே மின்சாரத்தை நிறுத்துக. வாசிக்கும் ஊசிமுனை, தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியிலேயே தட்டின்மீது மிதக்கிறது. அது பழுதுற்றபின் ஒவ்வொரு சுழற்சியும் தட்டின் பரப்பைச் சுரண்டக்கூடும். உள்ளே பார்ப்போம் என்று மூடியைத் திறத்தல் ஆகாது. ஒரு தூசித் துணிக்கையே அவ்விடைவெளிக்கு மலை. அதே வகைத் தட்டொன்றின் மின்சுற்றுப் பலகையைக் கழற்றி மாற்றுவதும் இன்றைய தட்டுகளிற் பெரும்பாலும் பயன் தராது. ஒவ்வொரு தட்டுக்கும் உரிய தனிக் குறிப்புகள் அதனதன் பலகையிலேயே பதிந்துள்ளன.

மறைந்த தட்டு மீண்டும் தோன்றும்போது, 'இதனை ஒழுங்கு செய்யவா, அழித்து அமைக்கவா' என்று விண்டோஸ் சில வேளை வினவும். பணிவான வினாவாயினும் 'ஆம்' என்று விடையளித்தலாகாது. உள்ளடக்கத்தைக் காக்கும் எண்ணமுடையோர் அத்தட்டில் ஓர் எழுத்தும் புதிதாக எழுதக்கூடாது. முதலிற் பிரதி எடுத்தல், பின்னரே பழுது பார்த்தல் என்பதே ஒழுங்கு.

வாத்தியாரின் இரண்டாவது தட்டு இதன் தேவையை உணர்த்திற்று. அது சுழன்றது; பெயரும் தெரிந்தது; ஆனால் வாசிப்பு நொண்டியது. சுழன்றுகொண்டிருந்த வேளையிற் பலமுறை மின்சாரம் அற்றதன் விளைவு போலும். அதனை எனது கணினியில் இணைத்து, கிடைத்தற்கரிய ஒலிப்பதிவுகளை முதலிலும் படங்களை அடுத்தும் புதிய தட்டொன்றுக்கு மாற்றினேன். படங்கள் முழுவதும் வந்தன. ஒலிப்பதிவுகளுள் இரண்டு வரவில்லை. இரண்டும் ஒரே மூதாட்டி பாடியவை, அவர் காலமாகிவிட்டார். பாட்டின் சொற்கள் வாத்தியாரின் குறிப்புப் புத்தகத்தில் உள்ளன. மெட்டை எழுதிவைக்க அவர் அறியார்.

பிரதியே காவல்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இருந்தவற்றைத் திரும்பத் தேடிப் பெற முடிந்தது. அங்கு மட்டுமே இருந்த கையெழுத்துப் பிரதிகளும் சுவடிகளும் போனவை போனவையே. 2009 வரை நீடித்த போரில் இடம்விட்டு இடம் ஓடிய வன்னிக் குடும்பங்கள், காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் குழந்தையின் ஒரே படத்தையும் வழியில் இழந்தன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலக முயற்சி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து யாவருக்கும் வழங்கிவருகிறது. ஒன்று பலவாகுமாயின் அதனை அழித்தல் அரிது என்பதே அம்முயற்சியின் அடிப்படை. ஆனால் தனியார் வீட்டுக் கணினியிற் கிடப்பதை எந்த நூலகமும் தானாக வந்து காக்கமாட்டாது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோ பரப்பிய விதியொன்று எளிமையானது: மூன்று பிரதிகள் வைத்திருக்க, அவற்றை இருவகைச் சாதனங்களில் வைக்க, அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க. கணினியில் ஒன்று, தனியே எடுத்துவைக்கும் வெளித்தட்டில் ஒன்று, வேற்றூரிலுள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என்பது நம் வசதிக்கு ஏற்றது. வெளித்தட்டை எப்போதும் கணினியோடு இணைத்தே வைத்திருந்தால் ஒரே இடி இரண்டையும் தாக்கும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலைத் தவணை முடியும் ஒவ்வொரு முறையும் அரைநாளை இதற்கென ஒதுக்குங்கள். புதியவற்றைப் பிரதி செய்யுங்கள். பின்னர் அப்பிரதியைத் திறந்து நாலைந்து கோப்புகளையேனும் வாசித்துப் பாருங்கள். ஒலிப்பதிவாயின் கேட்டுப் பாருங்கள். அக்காலத்து ஏடெழுதுவோர் பெயர்த்தெழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே சுவடியைக் கட்டினர். அவ்வழக்கம் ஓலையோடு ஒழிந்துபோகவேண்டிய ஒன்றன்று.