வன்தட்டைக் கூறு போட்ட கதை

தீசிஸ், குளிர், ரூம்ல சமையல் முறைன்னு வண்டி ஓடுனதுல இந்தப் பக்கம் வரவே முடியலை. போன வாரம் ஒரு காரியம் பண்ணி, அரை நாள் சோறு தண்ணி இறங்காம உக்காந்திருந்தேன். அது உங்களுக்கும் நடக்கக்கூடாதுன்னு இந்தப் பதிவு.

என் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 10. அதுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு. 11-க்குப் போக மெஷினோட வயசு இடம் கொடுக்கலை, புதுசு வாங்க பர்ஸ் இடம் கொடுக்கலை :-) சரி, மொத்தமா அழிச்சுட்டு உபுண்டு போட்ருவோம்னு பென் டிரைவ்ல பூட் பண்ணி, ஜிபார்ட்டட் திறந்தேன்.

ஜிபார்ட்டட்ல ஒரு வசதி. பார்ட்டிஷனைச் சுருக்கு, அழி, புதுசா உருவாக்குன்னு நீங்க என்ன சொன்னாலும் வரிசையில எழுதி வச்சுக்கும். பச்சை டிக்கை அமுக்கினாத்தான் வேலை நடக்கும். அந்த தைரியத்துல, வன்தட்டைப் புதுசா ஆரம்பிக்கலாம்னு 'புது பார்ட்டிஷன் டேபிள்' கொடுத்தேன். ஒரு எச்சரிக்கை வந்துச்சு. படிக்காம ஓகே. அய்யா, அந்த வேலை டிக்குக்குக் காத்திருக்காது. உடனே நடந்துடும்!

அதைவிடக் கொடுமை, நான் அழிச்சது மடிக்கணினியோட தட்டையே இல்ல. பக்கத்துல சொருகி மறந்துபோன எக்ஸ்டர்னல் டிஸ்க். ரெண்டும் 1 டிபி. லினக்ஸ் தட்டுகளைக் கண்டுபிடிக்கிற வரிசையிலதான் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசின்னு பேர் வைக்கும். அதனால பேர் மாறலாம். எஸ்டிஏன்னா உள்ள இருக்கிறதுதான்னு நானா முடிவு பண்ணிட்டேன். அக்கா கல்யாண போட்டோ, தாத்தா ஊர்க்கதை சொன்ன வீடியோ, எல்லாம் அதுலதான். வேற எங்கயும் காப்பி கிடையாது. தாத்தாவும் இப்போ இல்ல.

கை நடுங்க மெஷினை நிறுத்திட்டு, ரூம்மேட் கணினியில தேடினப்பதான் உயிர் வந்துச்சு. பார்ட்டிஷன் டேபிள்ங்கிறது புத்தகத்தோட பொருளடக்கம் மாதிரி. அதைக் கிழிச்சாலும் பக்கங்கள் அப்படியே இருக்கும், மேல வேற எதையும் எழுதாத வரைக்கும். டெஸ்ட்டிஸ்க்னு ஒரு இலவச நிரல். தட்டைத் துழாவி பழைய பார்ட்டிஷன் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கண்டுபிடிச்சுடுச்சு. 'பி' அமுக்கினா உள்ள இருக்கிற கோப்புகள் தெரியும். தாத்தா வீடியோ பேரைப் பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சுங்க. முதல்ல அதை வேற தட்டுக்குக் காப்பி எடுத்துட்டு, அப்புறம்தான் டேபிளைத் திருப்பி எழுதினேன்.

அதனால, போடப் போறவங்களுக்கு:

1. உள்ளே இருக்கிற தட்டையும் பூட் பண்ற பென் டிரைவையும் தவிர எல்லாத்தையும் உருவிடுங்க. தட்டோட மாடல் பேரைப் பாருங்க. அளவை நம்பாதீங்க.

2. விண்டோஸையும் வச்சுக்கணும்னா, விண்டோஸ்லயே டிஸ்க் மேனேஜ்மெண்ட் போய் அதைச் சுருக்குங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்க. பிட்லாக்கர் இருந்தா, அந்த 48 இலக்க மீட்பு எண்ணைத் தாள்ல எழுதிக்கோங்க.

3. பழைய எம்பிஆர் முறையில 4 பிரைமரி பார்ட்டிஷன்தான், வழக்கமா 2 டிபி வரைதான். ஜிபிடின்னா வழக்கமா 128 வரை போடலாம்.

4. கடைசியில நான் போட்டது: இஎஃப்ஐ பூட்டுக்கு 512 எம்பி ஃபேட்32, ரூட்டுக்கு 60 ஜிபி எக்ஸ்ட்4, மீதி எல்லாம் ஹோம். ஹோம் தனியா இருந்தா, நாளைக்கு உபுண்டுவை மறுபடி போடும்போது அதை ஃபார்மேட் பண்ணாம விட்டாப் போதும், நம்ம கோப்புகள் பிழைக்கும்.

5. ஒரே ஒரு காப்பி இருந்தா அதுக்குப் பேர் பேக்கப் இல்ல.

இப்போ உபுண்டு ஜம்முனு ஓடுது. தாத்தா மூணு இடத்துல கதை சொல்லிட்டு இருக்கார்.

டிஸ்கி: அக்காகிட்ட இன்னும் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க ;-)