மெழுகும் வீணையும்

சவ்வாது மலை தேனுக்குப் பெயர் பெற்றது. தேன் பிழிந்தபின் எஞ்சும் அடையை வீண் என்று எண்ணுதல் கூடாது. அதனை உருக்கினால் தேன்மெழுகு கிடைக்கும். அம்மெழுகு வீணைக்கு இன்றியமையாத பொருளாகும்.

தஞ்சை வீணை பலாமரத்தால் ஆயது. அதன் தண்டின்மீது கரித்தூள் கலந்த மெழுகினால் இரு கரைகள் எழுப்புவர். அவற்றின்மேல் 24 உலோக மெட்டுகளைப் பதிப்பர். ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுகள். தந்தியின் நீளம் குறையக் குறைய ஒலி உயரும். நீளம் பாதியானால் மேல் ஸ்தாயி ஒலிக்கும். ஆதலால் குதிரையை நெருங்க நெருங்க மெட்டுகளின் இடைவெளி குறுகிக்கொண்டே செல்லும்.

மெழுகு வெப்பத்தில் இளகும் இயல்புடையது. மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுருதி பிழைபடும். ஒரு மெட்டு அடுத்ததைவிடத் தாழ்ந்தால் தந்தி உராய்ந்து இரையும். அப்பொழுது கைவினைஞர் பழைய மெழுகை அகற்றிப் புது மெழுகால் கரையமைத்து, தந்தியை மீட்டிச் செவியால் தேர்ந்து, மெட்டுகளை ஒவ்வொன்றாய் மீண்டும் பதிப்பர். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர்.

கித்தாரில் மெட்டுகள் மரத்திலேயே இறுகப் பதிந்திருக்கும். பிழை நேரின் உலோகத்தை அராவவோ மரத்தை இழைக்கவோ வேண்டும். அராவியதும் இழைத்ததும் மீளா. வீணையிலோ மரத்திற்கு ஊறின்றி மெழுகையே மாற்றலாம். இளகுதல் மெழுகின் குறையேயாயினும், பழுதுற்ற வீணை மீண்டும் சுருதி சேர்வதற்கு அதுவே துணையாகின்றது.