மீன் தொட்டியில் நீர்ச்செடிகள்



பள்ளி விட்டதும் நம் பிள்ளைகள் பாரிட்டில் இறங்கி, கிழிந்த வலைத்துணியால் லோங்காங் மீன் அள்ளி வருகிறார்கள். ஜாம் போத்தலில் விட்டு வாசல் திண்ணையில் வைக்கிறார்கள். மூன்றாம் நாள் மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கிறது. பிள்ளை அழுகிறது. "அதுக்குத்தான் பிடிக்காதேன்னு சொன்னேன்" என்று அம்மா போத்தலைக் கவிழ்த்து விடுகிறார். மீன் ஏன் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இன்று கொஞ்சம் கேட்டுப் பார்ப்போம்.

மீன் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. அதன் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட சோற்றுப் பருக்கையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஓடுகிற நீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். போத்தலில் அது எங்கே போகும்? அங்கேதான் செடி உதவிக்கு வருகிறது. மீனுக்கு நஞ்சான அம்மோனியா செடிக்கு உரம். மணலில் வாழும் நுண்ணுயிர்களும் அம்மோனியாவை வேறு பொருளாக மாற்றுகின்றன. அந்த நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். எனவே முதல் நாளே இருபது மீனை விடக்கூடாது.

வெளிச்சம் பட்டால் பச்சை இலை பிராணவாயுவை வெளிவிடும் என்பதை 1779-ஆம் ஆண்டு இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் காட்டினார். அதை நம் வீட்டிலேயே பார்க்கலாம். ஹைட்ரில்லா என்னும் நீர்ப்பாசித் தண்டை ஒடித்து, கிளாசில் நீர் விட்டு வெயிலில் வையுங்கள். ஒடித்த முனையிலிருந்து குமிழிகள் முத்துமுத்தாய் எழும். நிழலுக்கு மாற்றினால் குறையும். இரவில் நிலைமை வேறு. வெளிச்சமில்லாதபோது செடியும் மீனைப் போலவே பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. ஆகவே செடியையும் மீனையும் அடைத்து வைத்தால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

தொட்டி எவ்வளவு பெரிது வேண்டும்? 60 செண்டிமீட்டர் நீளமும் 30 செண்டிமீட்டர் அகலமும் உயரமும் இருந்தால் 54 லிட்டர் கொள்ளும். நீர் மட்டுமே 54 கிலோ. ஆடுகிற மேசையில் வைத்துவிடாதீர்கள். ஆற்று மணலை, கழுவிய நீர் தெளியும்வரை கழுவி, இரண்டங்குல உயரம் பரப்புங்கள். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். சிங்கப்பூர் நேயர்கள் கவனிக்க: அங்குள்ள குழாய் நீரில் இருப்பது குளோரமின். அது தானாகப் போகாது. மீன் கடையில் அதற்கான மருந்து வாங்கிச் சில துளி விட வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேர வெளிச்சம் போதும். நேர் வெயிலில் வைத்தால் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படரும்.

எந்தச் செடி? ஹைட்ரில்லாவை ஒடித்து நட்டாலே வேர்விடும். ஜாவா பெரணியை மணலில் புதைக்கக் கூடாது, கிழங்கு அழுகும். ஒரு கட்டையில் நூலால் கட்டுங்கள். நமக்குப் பிடித்தது கிரிப்டோகோரைன். சேம்புக் குடும்பத்துச் செடி. நம் தீபகற்பத்துக் காட்டோடைகளுக்குச் சொந்தமானது. ஐரோப்பாவில் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள், நமக்குத்தான் பெயர்கூடத் தெரியவில்லை.

இதில் நாம் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். மாணவன் ஒருவன் இந்தச் செடியில் ஒரு கன்றை வகுப்புத் தொட்டியில் நட்டான். நான்கே நாளில் இலையெல்லாம் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்து போயிற்று. "செத்துப் போச்சுங்க சார்" என்றான். பிடுங்கிக் கொட்டச் சொன்னது நாம்தான். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம்: நீரும் வெளிச்சமும் மாறினால் இந்தச் செடி பழைய இலையை உதிர்த்துவிடும், வேர் உயிரோடு இருக்கும், சில வாரங்களில் புது இலை விடும். பையனிடம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அடுத்த கன்றை அவன் பொறுமையாய் வளர்த்தான், துளிர்த்தது.

காட்டிலிருந்து கூடைகூடையாய்ப் பிடுங்கி வராதீர்கள். மரம் வெட்டி நிழல் போனாலே இது அழியும். பகாங்கின் பெரா ஏரி, 1994-இல் ராம்சார் சதுப்புநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் இந்த இனம் உண்டு. தொட்டிச் செடியே பக்கக்கன்று விடும். அண்டை வீட்டில் ஒன்று கேளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். புல் மருந்து அடித்த நிரைக்குப் பக்கத்துப் பாரிட்டிலிருந்து செடி எடுக்க வேண்டாம். மருந்து கலந்த வாளி எத்தனை தடவை கழுவினாலும் மீனுக்கு ஆகாது. பிள்ளைகள் கைக்கே எட்டக்கூடாது. செடி மட்டும் வைத்து மீனில்லாமல் விட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும். இரண்டு லோங்காங் மீன் இருந்தால் கொசுப் புழுவைத் தின்று தீர்க்கும்.

தொட்டிச் செடி பெருகினால் ஆற்றில் வீசாதீர்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா, மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் செடி. இன்று பகாங்கின் சினி ஏரியில் படர்ந்து படகுப் பாதையை அடைக்கிறது. கழித்த தண்டுகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு வாழைமரத்தடியில் போடுங்கள்.