உளூவைப் பற்றி ஒரு கேள்வி: பெருங்குடல் பரிசோதனையும் நம்முடைய வெட்கமும்



சில ஆண்டுகளுக்கு முன்பு அம்பத்தூர் பக்கம் ஒரு பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்த பிறகும் ஒரு பாய் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் வேலை. யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. வெளிக்குப் போகும்போது ரத்தம் சொட்டுது. உளூ நிக்குமா?"

நாம் முறைப்படி பதில் சொன்னோம். பின்துவாரத்திலிருந்து ரத்தம் வந்தால் உளூ முறியும். நின்ற பிறகு சுத்தம் செய்து உளூ எடுத்துத் தொழுங்கள். ஒரு தொழுகை நேரம் முழுவதும் நிற்காமல் வந்தால் மஃதூர் சட்டம், அதை அப்போது வந்து கேளுங்கள் என்றோம். பதிலில் தவறில்லை. ஆனால் எத்தனை நாளாக வருகிறது, டாக்டரிடம் காட்டினீர்களா என்ற மறு கேள்வியை நாம் கேட்கவில்லை. அவர் நிம்மதியாக ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து அவருக்கு ஜனாஸா தொழுகை நடத்தினோம். பெருங்குடலில் புற்றுநோய். கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 53. நோய் கல்லீரலுக்கும் போயிருந்தது. இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. நம் பகுதியில் சுவருக்குச் சுவர் எழுதியிருக்கிறதே, மூலம், பவுத்திரம் என்று, அப்படி ஓர் இடத்தில் மாதக்கணக்கில் மருந்து வாங்கித் தின்றிருக்கிறார். மூலம்தான் என்று அவரும் நம்பினார், வீட்டாரும் நம்பினார்கள். பெரும்பாலோருக்கு அது மூலமாகத்தான் இருக்கும் என்பதும் உண்மை. அது மூலமா, வேறா என்று உள்ளே பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அன்று நாம் கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனபோது, மகன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவருடைய தம்பியைப் பார்த்ததும் அந்த மறு கேள்வி மனத்தில் முள்ளாக நின்றது. தம்பிக்கு 44 வயது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு இல்லாதவருக்கு எதற்குப் பரிசோதனை என்றுதான் அவரும் கேட்டார். பெருங்குடல் என்பது சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உள்சுவரில் சிலருக்குப் பட்டாணி அளவில் சிறு சதை வளரும். பாலிப் என்பார்கள். வலிக்காது, பெரும்பாலும் ரத்தமும் வராது. எல்லாப் பாலிப்பும் கெடுதல் இல்லை; ஆனால் சில வகைப் பாலிப்கள் மெதுவாக, ஏறக்குறைய பத்து ஆண்டுகளில், புற்றாக மாறுகின்றன. அந்தப் பத்து ஆண்டுதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். கொலோனோஸ்கோபியில் கேமரா பொருத்திய, விரல் பருமனுள்ள வளையும் குழாயைப் பின்துவாரம் வழியாகச் செலுத்திக் குடல் முழுவதையும் பார்க்கிறார்கள். பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அப்போதே, அந்தக் குழாய் வழியாகவே சுருக்குக் கம்பியால் அறுத்து எடுத்துவிடுகிறார்கள். 1969-லேயே நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் வயிற்றைத் திறக்காமல் இதைச் செய்துகாட்டினார்கள். நோயைக் கண்டுபிடிப்பதோடு, வரவிருந்த நோயை வரவிடாமல் தடுக்கவும் செய்கிற பரிசோதனை இது.

யார் செய்ய வேண்டும்? அமெரிக்காவில் எல்லோருக்கும் 50 வயது என்று இருந்ததை 2021-இல் 45 ஆகக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு பெட்டியை வீட்டுக்கே தபாலில் அனுப்புகிறார்கள். நம் நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளை விடக் குறைவு. அதனால் அரசின் பொதுப் பரிசோதனைத் திட்டத்தில் 30 வயது முதல் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள்தான் இருக்கின்றன. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் நம் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். குடலைப் பற்றி நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும்.

ஆனால் குடும்பத்தில் இந்த நோய் வந்திருந்தால் கணக்கே வேறு. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, இரண்டில் எது முந்தியதோ அப்போது குடலைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றும் விதி. தம்பி ஏற்கெனவே நான்கு ஆண்டு பிந்திவிட்டார். மகன்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு 56 வயது. அவரை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ரத்தப்போக்கு, காரணமில்லாத ரத்தசோகை, புதிதாக மாறிய மலப்போக்கு, எடைக் குறைவு இவற்றில் ஏதாவது இருப்பவர் வயதைப் பார்க்கக் கூடாது. நேராக மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

தம்பியிடம் நான்கைந்து முறை பேச வேண்டியிருந்தது. முதலில் வேலை என்றார், பிறகு செலவு என்றார், பிறகு "எல்லாம் தக்தீர் ஹஜ்ரத்" என்றார். கொள்ளைநோய் பரவிய ஷாமுக்குள் நுழையாமல் ஸர்ஃ என்ற இடத்திலிருந்து உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பியபோது, விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டவர் சாதாரண ஆள் இல்லை, அபூஉபைதா (ரலி). அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போவதாகத்தான் கலீஃபா பதில் சொன்னார்கள். இதைச் சொன்னதும் தம்பி சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு உண்மையைச் சொன்னார்: "அங்க போய் எப்படி ஹஜ்ரத் படுக்கிறது? வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

இந்த வெட்கம் நம் சமுதாயத்துக்கு மட்டும் சொந்தமில்லை. போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 55 முதல் 64 வயது வரை உள்ளவர்களை அழைத்து நடத்திய பெரிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அழைக்கப்பட்ட நூறு பேரில் வந்தவர்கள் 42 பேர்தான். பாதிக்கு மேல் வராமலேயே, அழைக்கப்பட்ட கூட்டத்தில் பத்து ஆண்டுகளில் இந்தப் புற்றுநோய் 18 சதவீதம் குறைந்தது. எல்லோரும் வந்திருந்தால் 31 சதவீதம் குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியாளர் கேட்டி கூரிக், இந்த நோயில் கணவரை 42 வயதில் பறிகொடுத்தவர், 2000-இல் தமக்குச் செய்த பரிசோதனையைத் தொலைக்காட்சியிலேயே காட்டினார். அதன்பின் அந்த நாட்டில் பரிசோதனைக்கு வருபவர்கள் கூடினார்கள். நம்மில் யாரும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. கூடப்பிறந்தவர்களிடம் வாய் திறந்தால் போதும்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு மக்தபில் இஸ்தின்ஜா சொல்லிக்கொடுக்கும் சமுதாயம் நாம். உங்கள் நபி மலஜலம் கழிப்பதைக்கூடவா கற்றுத்தருகிறார் என்று இணைவைப்பாளர்கள் கேலி செய்தபோது ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) தலை குனியவில்லை. ஆம் என்று ஒப்புக்கொண்டு, கற்றதை வரிசையாகச் சொன்னார்கள். அலீ (ரலி) அவர்களுக்கு மதீ நீர் அதிகம் வெளிப்பட்டது. மாமனாரான நபி (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்கக் கூச்சம். மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டார்கள். கூச்சம் இருந்தது, ஆனால் கேள்வி நின்றுவிடவில்லை. டாக்டரிடம் சொல்லக் கூசினால் மனைவியையோ மகனையோ சொல்லச் சொல்லலாம், ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.

இனி நம்மிடம் கேட்கப்படும் மஸ்அலாக்கள். அவ்ரத்தை மருத்துவத் தேவைக்காகத் தேவையான அளவு திறப்பது கூடும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் கருத்து வேறுபாடு இல்லை. நோய் வந்த பிறகுதானே அது ளரூரத், வருமுன் பார்ப்பதும் அப்படியா என்று நன்கு படித்த ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஹாஜத்தும் ளரூரத்தின் இடத்துக்கு வரும் என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி. குடும்பத்தில் ஜனாஸா கண்டவருக்கும், வயது வந்துவிட்டதென்று மருத்துவர் சொன்னவருக்கும் இது வீண் ஆசை இல்லை, தேவை. அளவு மீறாமல் இருக்கவும் வழி இருக்கிறது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். மேலே போர்வை இருக்கும். பின்பக்கம் மட்டும் திறப்புள்ள கால்சட்டையைப் பல இடங்களில் தருகிறார்கள். தராவிட்டால் கேட்டு வாங்கலாம். ஆணுக்கு ஆண் ஊழியர், பெண்ணுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்பது நம் உரிமை, நம் கடமையும்கூட. பெண் மருத்துவர் கிடைக்கவே இல்லை என்றால் ஆண் மருத்துவர் செய்யலாம். உடன் ஒரு செவிலியர் இருக்கும்படி கேட்டுக்கொள்ளவும்.

பரிசோதனைக்குப் பிறகு குளிப்புக் கடமையா என்று மிகப் பலர் கேட்கிறார்கள். இல்லை. மயக்க மருந்தாலும், கருவி வெளியே வருவதாலும் உளூ முறியும், குளிப்புக் கடமையாகாது. உள்ளே செலுத்திய காற்று சில மணி நேரம் வெளியேறிக்கொண்டிருக்கும். அது அடங்கியதும் உளூ எடுத்துத் தொழலாம். முந்தைய நாள் பேதி மருந்து குடித்த பிறகு நிலைமை கொஞ்சம் கடினம். இடைவெளி கிடைக்கும்போது தொழுதுகொள்ள வேண்டும். நோயாளி இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழலாம் என்ற கருத்து வலுவானது என்று இமாம் நவவி எழுதியிருக்கிறார்கள். ஹனஃபிகள் அவரவர் நேரத்திலேயே தொழ முயல வேண்டும். நோன்பு நாளில் இதை வைத்துக்கொள்ள முடியாது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர் ரமளானுக்குப் பிறகு தேதி வாங்கலாம். ரத்தம் போகிறவர் ஷவ்வால் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யட்டும்.

பரிசோதனையை விட அந்தப் பேதி மருந்துதான் சிரமம் என்று செய்துகொண்ட எல்லோரும் சொல்கிறார்கள். தம்பிக்குக் கொடுத்தது இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பெக் பவுடர். உப்பு கலந்த எலுமிச்சைச் சர்பத்து போல இருந்ததாம். குளிர வைத்துக் கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடித்தால் இறங்கிவிடும். இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை போன்றவை வேண்டாம். சுகர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை மூன்றையும் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குடல் சுத்தமாகாவிட்டால் பாலிப் கண்ணுக்குத் தப்பிவிடும், மறுபடியும் முதலிலிருந்து. பரிசோதனை அரை மணி நேரத்தில் முடியும். குடலில் துளை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அன்று முழுவதும் பைக் ஓட்டக் கூடாது. பத்திரத்தில் கையெழுத்தும் வேண்டாம்!

செலவுக்கு அஞ்சுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்டேட் தொழிலாளர்களில் பலர் இ.எஸ்.ஐ. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மருந்துக்கடையில் கடன் சொல்கிறார்கள். அயனாவரத்திலும் கே.கே.நகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் குடல் இரைப்பைத் துறையே தனியாக உண்டு. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடக்கும் தூரம்தான் கடைசி மருத்துவமனை. பூந்தமல்லி பக்கத்தவர்களுக்குப் போரூரிலும் தண்டலத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் அருகில்.

தம்பி ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனார். நாம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய கைப்பேசியும் தொப்பியும் நம்மிடம் இருந்தன. இரண்டு பாலிப் இருந்தன; இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கூட அறிக்கையில் ஒன்று மாறக்கூடிய வகை, இன்னும் மாறவில்லை என்று வந்தது. சில ஆண்டுகள் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, லுஹருக்கு நேரம் இருக்கிறதா என்பது. இரண்டாவது, "எப்ப ஆரம்பிப்பாங்க?"

பூந்தமல்லி அக்கா இன்னும் போகவில்லை. பெண் டாக்டர் என்றால் யோசிக்கிறேன் என்கிறார். தம்பி மனைவி மூன்று மருத்துவமனைகளுக்குப் போன் செய்து விசாரித்துக்கொண்டிருக்கிறார். நாமும் இப்போதெல்லாம் தூணோரம் நிற்பவர் உளூவைப் பற்றிக் கேட்டால், பதில் சொன்ன கையோடு, எத்தனை நாளாக என்று கேட்டுவிடுகிறோம். சிலருக்குக் கோபம் வருகிறது.